புது ரூட்டருக்கு அப்பா வைத்த பூட்டு

"எதுக்குடி இதுக்குக் கொம்பு?"

"கொம்பு இல்லப்பா, ஆன்டெனா."

"நாலு இருக்கே. முட்டுமா?"

"முட்டாது. வீடு முழுக்க எட்டும்."

"பழசுக்கு ரெண்டுதானே இருந்தது? அதுக்கு என்ன கேடு வந்தது இப்போ?"

பாப்பா அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்ன கேடு என்று அப்பாவுக்குத் தெரியாதா? போன வாரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது தெருவுக்கே கேட்டிருக்கும்.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். கல்யாணப் பேச்சு எடுக்கிற வயசு வந்தும் அது அவளை விடவில்லை. காது கேளாத மாணவர்களுக்காக, வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச அதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. ஆசிரியர் ஓர் ஊரில் பேசுவார். இவள் வீட்டிலிருந்தே காதில் வாங்கி விரலில் விடுவாள். மாணவி வேறோர் ஊரில் திரையில் படித்துக்கொள்வாள். போன வாரம் சட்டக் கல்லூரி வகுப்பின் நடுவே நெட் நின்றுபோய், வாக்கியம் பாதியில் தொங்கியது. அதுவும் முதல் தடவை இல்லை.

"இன்னொரு தரம் நின்னா அந்தப் பொண்ணை வேற ஆளுக்கு மாத்திடுவேன்மா. பாவம், அவ படிப்பு" என்று மேற்பார்வை பார்க்கிற அம்மாள் சொல்லிவிட்டாள். அதில் கோபம் இல்லை. அதனால்தான் பாப்பாவுக்கு இன்னும் வலித்தது.

இன்று மதியம் பரீட்சைக்கு முந்தின கடைசி வகுப்பு.

"மாத்திக்கோ. நான் வேணாங்கலை. ஆனா அந்தப் பெட்டியை மட்டும் அசைக்காதே" என்றார் அப்பா.

"பெட்டிக்குள்ள வச்சா புதுசு வாங்கியும் பிரயோஜனம் இல்லப்பா. உசரமா, திறந்த இடத்துல வைக்கணுமாம். கண்ணாடி, தகரம் எதுவும் பக்கத்துல கூடாதாம். இதோ போட்டிருக்கான் பாருங்க."

அப்பா பார்க்கவில்லை. அவர் தச்சர். ரூட்டருக்கு அவர் செய்து மாட்டியிருந்த பெட்டியைப் பார்த்து, வந்தவர்கள் எல்லாரும் மூக்கில் விரல் வைத்திருக்கிறார்கள். நல்ல தேக்கு. கதவில் முகம் பார்க்கிற கண்ணாடி. எலி கடிக்காமல் இருக்க உள்ளே மூன்று பக்கமும் தகரம்.

"அழகா இருக்குப்பா, யார் இல்லைன்னா? ஆனா நெட்டுக்கு அது ஜெயிலு."

"பெட்டி இருக்கிற இடத்துலதான் இருக்கும்."

பெட்டி இருக்கிற இடம் கூடத்துச் சுவர். அதைச் சுவர் என்பதா, பலகை என்பதா? போன வருஷம் வரை அங்கே ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கும் அவர் தம்பிக்கும் ஒரே பட்டறை, ஒரே கூடம். ஒருநாள் தம்பி பட்டறையை விட்டுவிட்டு ஒரு பெரிய மரச்சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணனுக்கு அந்தச் செய்தி, நாற்காலி பழுது பார்க்க வந்த ஒருவர் வாயால்தான் தெரிந்தது.

அப்பா சத்தம் போடவில்லை. பலகை அறுத்தார். கூடத்தை இரண்டாக அடைத்தார். முன்வாசல் இவர்களுக்கு, பின்வாசல் அவர்களுக்கு.

கோபத்தில் எழுப்பின சுவர்தான். ஆனாலும் ஒரு பலகைகூடக் கோணவில்லை. ஒரு திருகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் அதை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ முறுக்கி வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ? தொழில் பழகின கை, ஆடுகிற திருகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

"சரிப்பா, ஒண்ணு சொல்லுங்க. நம்ம வீட்டுல எத்தனை பேர்?"

"என்னடி கேள்வி? மூணு பேர்."

"மூணு பேருக்கு ஏன் நெட்டு இப்படித் திணறுது? உங்க போனை அணைங்க. அம்மா, உன்னுதையும்."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அணைத்தாள். பாப்பா தன் போனையும் கணினியையும் அணைத்தாள். பிறகு பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

பழைய ரூட்டரின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. நிதானமாகக்கூட இல்லை. படபடவென்று.

"யாரும் இல்லாம அது என்னத்துக்கு ஆடுது?" என்றார் அப்பா.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி சிரித்தாள். கூடவே இன்னொரு சிரிப்பு, போனுக்குள்ளிருந்து, கொஞ்சம் தகரம் தட்டினாற்போல. விளக்கு இன்னும் வேகமாக ஆடியது.

மூவரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவங்க தனியா வாங்கிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் அப்பா, மெதுவாக. "எத்தனை நாளா?"

"சுவர் வர்றதுக்கு முன்னாடியே அவங்க போன்ல இருந்ததுதானேப்பா. யாரும் குடுக்கவும் இல்ல, யாரும் எடுக்கவும் இல்ல."

"பாத்திரத்தைப் பிரிச்சோம், தண்ணி மோட்டாரைப் பிரிச்சோம். கண்ணுக்குத் தெரியாததை எங்கே பிரிக்கிறது?" என்றாள் அம்மா.

"இப்பப் பிரிக்கலாமே. புதுசுக்குப் புதுப் பூட்டு."

"அப்பா..."

"பாஸ்வேர்டு நான் சொல்றேன், எழுதிக்கோ. ஒரு வார்த்தை சொல்லல."

"என்ன வார்த்தைப்பா?"

"அதான்டி பாஸ்வேர்டே. 'ஒரு வார்த்தை சொல்லல.' அதை அடிக்கிறப்போ எல்லாம் எனக்கு ஞாபகம் வரணும்."

"ஒரு தரம் அடிச்சாப் போதும்பா. அப்புறம் போனே ஞாபகம் வச்சுக்கும். நீங்க வச்சுக்க வேண்டியதில்ல."

"நானும் வச்சுக்கறேன்."

"டீ ஆறுது" என்றாள் அம்மா. தம்பி சொல்லாமல் போன பேச்சு வரும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது ஆறிப்போகும், அல்லது பொங்கி வழியும்.

டீயைக் குடிக்காமலே அப்பா முன்பக்கப் பட்டறைக்குப் போய்விட்டார். இழைப்புளி மரத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட அழுத்தமாக.

"இப்போ என்னம்மா பண்றது?"

"அவர் சொன்னதைச் செய். உனக்கு வேலை முக்கியம்."

"அக்காவை நினைச்சாத்தான்..."

அக்கா என்றால் சித்தி மகள். வெளியூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் படுக்கையில் போட்டிருக்கிறார். புருஷன் கப்பல் வேலையில் கடலில் இருக்கிறான். காலையில் சித்தி வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டால் பொழுது சாயும்வரை நிறுத்துவதில்லை. போனை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்குக் காய் நறுக்குவாள். அங்கே அக்கா பாட்டுக்குப் புத்தகம் புரட்டுவாள். மணிக்கணக்கில் இருவரும் பேசாமல்கூட இருப்பார்கள். ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி "தண்ணி குடி" என்பாள்.

அந்த அழைப்புதான் பாப்பாவின் நெட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"சித்தப்பா தனியா ஒண்ணு வாங்கக் கூடாதாமா?"

"எழுதிக் குடுத்திருக்காராம். நெட்டுக்காரன் கம்பத்துல இடம் இல்லைன்னு இழுத்தடிக்கிறானாம்."

"உனக்கு யார் சொன்னா? நீங்க ரெண்டு பேரும்தான் பேசறது இல்லையே?"

"பேசறது இல்லதான். துணி காயப்போடும்போது அவ காத்துக்கிட்ட சொல்றா. நான் காத்துக்கிட்ட கேட்டுக்கறேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "இந்தப் புதுசுல ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு வேகம், ஆனா சுவரைத் தாண்டினா செத்துப்போகும். இன்னொண்ணு மெதுவு, ஆனா தூரம் போகும். வேகமானதுல நான் மட்டும் இருந்துக்கிட்டா, மெதுவானதுல யார் இருந்தாலும் எனக்குத் தொந்தரவு இல்ல. ரெண்டு வீட்டுக்கும் போதும்."

"அதை உங்க அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவர் கேக்கற முகமாவா இருந்தார்?"

அம்மா ஆறின டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாப்பா வேலையில் இறங்கினாள். வெளியிலிருந்து வருகிற கம்பியைப் பழைய ரூட்டரிலிருந்து பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. அந்தப் பக்கம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த தகரக் குரல் பாதியில் நின்றது.

"கண்ணு? கண்ணு, கேக்குதா?" என்றது சித்தியின் குரல்.

பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டாள். கம்பியைக் கூடத்து நடுவே இருந்த புத்தக அலமாரி வரை இழுத்து, அதன் உச்சியில் புதுசை நிமிர்த்தி வைத்து, நாலு கொம்பையும் நாலு திசைக்குத் திருப்பினாள். தன் பெயரையே கொடுத்தாள். பூட்டும், அப்பா சொன்னதையே, இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து நிலைத்தன. கணினியில் வேகத்தைச் சோதித்தாள். இந்த வீட்டில் அவள் பார்த்தே இராத வேகம்.

சந்தோஷம் வரவேண்டிய நேரம். வரவில்லை.

பழைய ரூட்டரை எடுத்து வைக்கலாம் என்று பெட்டிக்குள் கைவிட்டாள். அது வெளியே வந்ததும், பெட்டியின் முதுகில் வெளிச்சம் தெரிந்தது.

"அம்மா! இங்க வாயேன்."

பெட்டியின் பின்பலகையில், அதற்கும் பின்னால் சுவர்ப் பலகையில், இரண்டையும் துளைத்துக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல். வெறும் ஓட்டை இல்லை. இலையும் கொடியுமாக அறுத்தெடுத்த சல்லடை வேலை. பெட்டிக்கு மெருகு ஏறிப் பழுத்திருந்தது. அறுத்த விளிம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது. பெட்டி பழசு, ஜன்னல் புதுசு. அந்தப் பக்கம் ஏதோ துணி தொங்கியது. துணிக்குப் பின்னாலிருந்து சித்தியின் மூச்சுகூடக் கேட்டது.

நமக்குக் கண்ணாடிக் கதவும் தகரமும். அவங்களுக்கு ஜன்னல். நெட்டு எந்தப் பக்கம் போகும்?

இந்தப் பக்கத்து விளிம்பில் பென்சில் கோடு அழியாமல் இருந்தது. அப்பாவின் கோடு. மாலையில் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

விரலை நுழைத்து அந்தப் பக்கத்து விளிம்பைத் தடவினாள். ரம்பம் வெளியேறுகிற பக்கம் மரம் பிய்ந்து சிலாம்பு நிற்கும். தச்சர் மகளுக்குத் தெரியாததா? ஆனால் சிலாம்பு இல்லை. வழுவழுவென்று இருந்தது.

"அந்தப் பெட்டியை அசைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

அப்பா வாசலில் நின்றார். தலையெல்லாம் மரச் சீவல்.

"இது என்னப்பா?"

"சூடு வெளியேற வழி வேணாமா? அதுக்குப் போட்டேன்."

"சூட்டுக்கா இவ்வளவு பூ வேலை?"

"செய்யறதைச் சுத்தமாச் செய்யணும்."

"சூடு அந்த வீட்டுக்குப் போகணும்னு சுவரையும் சேர்த்து அறுத்தீங்களாக்கும்?" என்றாள் அம்மா.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு குரலைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். அவ்வளவுதான். தூக்கி வளர்த்த பிள்ளை" என்றார்.

"அந்தக் குரல் எதுல வந்ததுன்னு நினைச்சீங்க? காலையில நீங்க பூட்டச் சொன்னீங்களே, அதுலதான்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அது இப்போதுதான் உறைத்தது. உதட்டில் ஒட்டியிருந்த சீவலைக்கூடத் துடைக்காமல் நின்றார்.

"விரலை விட்டுப் பாருங்கப்பா. அந்தப் பக்கத்து விளிம்பை."

அவர் குனிந்து விரலை விட்டார். ஓர் இலை, ஒரு கொடி, இன்னோர் இலை. விரல் எங்கேயும் தடுக்கவில்லை. உப்புத்தாள் போட்டு, மூலை முடுக்கெல்லாம் பொறுமையாகத் தேய்த்த வேலை. யார் கை என்று அவருக்குச் சொல்ல வேண்டுமா? அந்தக் கையைப் பிடித்து உளி பிடிக்கப் பழக்கினவரே அவர்தான்.

விரலை வெளியே எடுக்காமலே நின்றார்.

அப்போதுதான் சித்தி உடைந்தாள். "ஐயோ, என்னங்க, போகவே மாட்டேங்குதுங்க! காலை என்னமோ இழுக்குது, வலிக்குதும்மான்னு சொல்லிட்டே இருந்தா. அப்படியே நின்னுபோச்சு. டவரைத் தேடி வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாலும் லைன் கிடைக்கலை."

"அழாதே. அவ பக்கத்து வீட்டு நம்பர் இருக்கா பாரு." தம்பியின் குரல். இன்று அவருக்கு வார விடுமுறை.

"பாப்பா, அது ஓடுதா?" என்றார் அப்பா.

"ஓடுது. ஆனா அவங்களால உள்ள வர முடியாது. பாஸ்வேர்டு வேணும். நான் சொல்றேன், நகருங்க."

"நீ இரு" என்றாள் அம்மா. "பூட்டு வச்சவரே திறக்கட்டும்."

அப்பா பெட்டிக்குள் முகத்தை விட்டார். தொண்டையைச் செருமினார். செருமினது பெட்டித் தகரத்தில் பட்டு அதிர்ந்தது.

"டேய்."

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. துணி விலகியது.

"அண்ணா?"

"புதுசு மாத்தியிருக்கோம். போனை எடு. பாப்பா பேர்லயே ஒண்ணு தெரியும். கொம்பு நாலு... அதை விடு. தெரியுதா?"

"தெரியுது. பாஸ்வேர்டு கேக்குது."

"அடி. ஒரு."

"ஒரு."

"வார்த்தை."

"வார்த்தை. அடிச்சுட்டேன். அப்புறம்?"

"சொல்லல."

"சொல்லு அண்ணா, அவசரம்."

"சொல்லிட்டேன்டா! அதான். ஒரு வார்த்தை சொல்லல."

தம்பியின் விரல் போனில் பாதியில் நின்றது. பிறகு, ரொம்பத் தாழ்ந்த குரலில், "வார்த்தைக்கு ஏ ஒண்ணா, ரெண்டா அண்ணா?" என்றார்.

அப்பா பெட்டிக்குள்ளிருந்து தலையைத் திருப்பினார். "ஏ எத்தனைடி?"

"ஒண்ணுப்பா. எல்லாம் சின்ன எழுத்து."

"ஒண்ணாம். எல்லாம் சின்னதாம்."

அலமாரி உச்சியில் ஒரு விளக்கு துடித்தது. பிறகு படபடவென்று ஆடத் தொடங்கியது.

"அம்மா? எங்கம்மா போனே?" தகரக் குரல், ஆனால் தெளிவாக. "நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், நீ சிலை மாதிரி நிக்கறே."

"வலி எப்படி இருக்குடி? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"எந்த வலி? கெண்டைக்கால்ல குரக்களி பிடிச்சுதும்மா. நீவி விட்டதும் போயிடுச்சு. அதுக்கு ஏன் இப்படி அழறே? பின்னாடி யாரு, பெரியப்பா குரல் மாதிரி இருக்கே?"

அவசரம் போய்விட்டது. அண்ணனும் தம்பியும் மட்டும் அந்தச் சல்லடைக்கு இருபுறமும் மிச்சமாக நின்றார்கள்.

"உப்புத்தாள் நல்லாப் போட்டிருக்கே" என்றார் அப்பா கடைசியில்.

"சிலாம்பு இருந்துச்சு அண்ணா. அவ துணி மாட்டிக்குது."

பாப்பாவுக்கு நேரமாகிவிட்டது. அலமாரிக்கு எதிரிலேயே கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்பானை வலது காதில் மட்டும் மாட்டினாள். இடது காதைத் திறந்து வைப்பது அவள் பழக்கம். வீட்டில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டாமா?

வகுப்பு தொடங்கியது. இன்றைய பாடம் சாட்சியம். பேராசிரியர் வேகமாகப் பேசுகிறவர். விரல்கள் பின்னாலேயே ஓடின. பிறர் சொல்லக் கேட்டதாக ஒருவர் சொல்வதை நீதிமன்றம் ஏன் எளிதில் ஏற்பதில்லை என்று விளக்கினார். நெட் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் அழைப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாணவி திரையின் ஓரத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். "இன்னைக்கு நிக்கவே இல்ல அக்கா!"

பாப்பாவின் தோள் இறங்கியது. மாதக்கணக்காக ஏறியே இருந்த தோள்.

பேராசிரியர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். விரல்கள் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தன. வார்த்தை இடது காதில், பெட்டிப் பக்கமிருந்து வந்தது. காதில் விழுந்ததை அடிப்பதுதானே விரலின் வேலை? அடித்துவிட்டது.

திரையில் ஒரு வரி நின்றது.

'நானா போகல அண்ணா. போன்னு என்னை அனுப்பி வச்சது அண்ணிதான்.'

பாப்பா அதைப் படித்தபோதுதான் என்ன கேட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. அழிப்பதற்குள் மாணவியின் கேள்வி வந்துவிட்டது.

"இது சார் குடுத்த உதாரணமா அக்கா?"

பாப்பா திரும்பிப் பார்த்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். கையில் டம்ளர். ஆறிப்போக அதில் ஒன்றுமே இல்லை.

அப்பா பெட்டியை விட்டு நிமிர்ந்தார். மாலையில் தான் உட்காருகிற நாற்காலியை இழுத்து, அம்மா பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"உட்காரு" என்றார். "ஒரு வார்த்தை சொல்லு."